சம்பந்திகளின் அமெரிக்கத் தேர்தல்

அமெரிக்க அதிபர் தேர்தலால் எங்கள் குடும்பத்தில் ஒரு சண்டை வந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்களில் ஒருவருக்கும் அந்த நாட்டில் ஓட்டு கிடையாது. அக்காவும் அவள் கணவரும் நியூ ஜெர்சியில் வேலை விசாவில் இருந்தார்கள், அவர்களுக்கும் ஓட்டில்லை. ஆனாலும் 2008-ல் கடலூரில் இருந்த என் அப்பாவும் சிதம்பரத்தில் இருந்த அக்காவின் மாமனாரும் ஆளுக்கொரு கட்சி ஆனார்கள். எனக்கு அப்போது சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ரயில் பாதையை அகலமாக்குவதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்த காலம் அது. தினமும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறிப் போய் வருவேன். அதனால் இரண்டு கட்சிகளின் தலைமை அலுவலகங்களுக்கும் எனக்குப் போக்குவரத்து இருந்தது.

அப்பா மின்சார இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஒரு காலனியில். நாங்கள் தலித்துகள். படித்து, வேலைக்குப் போய், கடலூருக்கு வந்து வீடு கட்டியவர் அப்பா. அக்காவின் மாமனாருக்கும் பூர்வீகம் காட்டுமன்னார்கோயில் பக்கம்தான். ஆனால் ஊருக்குள், நிலமுள்ள சாதியில். சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருந்தார். உள்ளூர்க் கட்சி ஒன்றில் பல வருடம் பொதுக்குழு உறுப்பினர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அத்தை என்று.

அக்காவும் மாமாவின் மகனும் சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். 2004-ல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மாமா வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் மகனோடு பேசவும் இல்லை. அத்தை மட்டும் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மகனிடம் பேசிவிட்டு, காய் வாங்கப் போனதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர்கள் அமெரிக்கா போன பிறகு, தூரமே கோபத்தைக் கொஞ்சம் கரைத்திருக்க வேண்டும். ஒருநாள் மாமா எங்கள் வீட்டுக்கு ஆப்பிளும் வெற்றிலை பாக்குமாக வந்து நின்றார். பழையதைப் பற்றி அவரும் பேசவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேரும் காட்டிக்கொண்ட மரியாதையைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தி" என்பார் ஒருவர். "எனக்கென்ன தெரியும் சம்பந்தி, நீங்கதான் சொல்லணும்" என்பார் மற்றவர். வீராணம் ஏரியில் எவ்வளவு தண்ணீர், மழை வருமா வராதா, பையனுக்கு அங்கே எவ்வளவு குளிர் என்று பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மாமா எங்கள் வீட்டில் சோடா மட்டும் குடிப்பார். "வெளிய சாப்ட்டா எனக்கு ஒத்துக்கறதில்ல சம்பந்தி, வயிறு ஒரு மாதிரி" என்பார். அம்மா முதல் இரண்டு தடவை இலை போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அவர் வந்தால் கடைக்கு ஆள் அனுப்பி சோடா வாங்கி வைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்தது 2007 செப்டம்பரில். பெண்ணின் பக்கம் முதலில் போவதுதானே வழக்கம். அப்பாவும் அம்மாவும் போய் மார்ச் மாதம் திரும்பினார்கள். உடனே மாமாவும் அத்தையும் கிளம்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தது ஆகஸ்ட் தொடக்கத்தில். நடுவில் அமெரிக்காவில் வேட்பாளர்கள் யார் யார் என்று முடிவாகிவிட்டது.

மாமாவைப் பார்க்க நாங்கள் சிதம்பரம் போனோம். சட்டைப் பையின் மேல் வட்டமான ஒரு பேட்ஜ் குத்தியிருந்தார். அங்கே இரண்டு பெரிய கட்சிகளுக்குக் கழுதையும் யானையும் சின்னம்; இது கழுதைக் கட்சியின் வேட்பாளர் படம். அந்த நாட்டின் முதல் கறுப்பின அதிபராக வரக்கூடும் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதிக்கொண்டிருந்தவர். உரக்கடையில் யூரியா வாங்க வந்தவர்கள்கூட, இது யாருங்க சினிமா ஆளா என்று கேட்டார்களாம். மாமா ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சம்பந்தி, இந்தத் தடவ நம்ம ஆளுதான் ஜெயிக்கப் போறாரு" என்றார் அப்பாவிடம்.

அப்பா வழக்கம்போல, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்பார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்பிடிச் சொல்ல முடியாது சம்பந்தி. யானைச் சின்னத்துல நிக்கிறவரு பட்டாளத்துல இருந்தவரு. சண்டையில புடிபட்டு வருஷக் கணக்கா ஜெயில்ல கெடந்தவரு. அவருக்குன்னு ஒரு மரியாத இருக்கு."

மாமா கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். தலித்தான என் அப்பா அந்தக் கறுப்பினத்தவர் பக்கம்தான் நிற்பார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அத்தை, "காபி ஆறுது" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன். "அவரு நல்ல மனுஷன்" என்றார். அதற்கு மேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஒரு கட்சிக்காகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. உள்ளூர் தேர்தலில்கூட எந்தச் சின்னத்துக்குப் போட்டார் என்று அம்மாவுக்கே தெரியாது. அப்படிப்பட்டவர் கடல் தாண்டி ஒரு யானைக்காக ஏன் பேசுகிறார் என்று எனக்குக் குடைந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தபோது கேட்டேன். அவள் சிரித்தாள்.

"பக்கத்து வீட்டுத் தாத்தா வேல அது" என்றாள்.

அவள் சொன்னது இது. அந்தத் தெருவில் பகலில் யாரும் இருக்க மாட்டார்களாம். அக்கா குழந்தையோடு உள்ளே, அவள் கணவர் ஆபீஸில், அம்மா சமையலில். அப்பா மட்டும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகத் தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பார். பக்கத்து வீட்டில் ஒரு கிழவர், வெள்ளைக்காரர், மனைவி இறந்து தனியாக இருந்தார். பழைய பட்டாளக்காரர். கார் நிறுத்தும் கொட்டகையில் சின்ன ஹீட்டரும் ரேடியோவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் கொட்டகையில் விளக்கு விட்டு விட்டு எரிவதைப் பார்த்த அப்பா, கேட்காமலே உள்ளே போய் ஒரு ஒயரைக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு பேரும் தினமும் அங்கே உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் பேசும் இங்கிலீஷ் அப்பாவுக்குப் பாதி புரியாது. அப்பா பேசுவது அவருக்குப் பாதி புரியாது. ஜனவரியில் அவர் தன் வீட்டுப் புல்லில் தன் பட்டாளக்கார வேட்பாளரின் பெயர்ப்பலகையை நட்டபோது, உறைந்த மண்ணில் கம்பி இறங்கவில்லை என்று அப்பாதான் பிடித்துக்கொண்டாராம்.

"ஒருநாள் அவரு சாப்ட்டுக்கிட்டிருந்த சாண்ட்விச்ச பாதியா பிச்சி அப்பா கையில குடுத்திருக்காரு" என்றாள் அக்கா. "அப்பா வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அத ரெண்டு தடவ சொன்னாரு. என்ன கறின்னுகூடத் தெரியாம சாப்ட்டேன்னாரு."

அடுத்த நாள் அப்பாவிடம், "அந்தத் தாத்தா நல்லவருன்னா அவரு கட்சியும் நல்ல கட்சியாயிடுமா?" என்று கேட்டேன்.

"கட்சி எப்பிடின்னு யாருக்குத் தெரியும்? எனக்கு ஆளத்தான தெரியும்" என்றார்.

மாமாவின் கதையும் ஏறக்குறைய அதே மாதிரிதான். அதை அவர் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொன்னார். அங்கே ஒருநாள் நடக்கப் போனவர் கால் வலிக்கிறதே என்று ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டார். அது ஊரை விட்டே போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட, இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டியது ஒரு கறுப்பினப் பெண். "எனக்கு மொதல்ல பயம்தான், பொய் சொல்லல" என்பார் மாமா. அந்தப் பெண் இவர் சட்டைப் பையிலிருந்த, மகனின் போன் நம்பர் எழுதிய சீட்டைப் பார்த்து, தன் செல்போனிலிருந்தே மகனுக்குப் பேசி, அவர் வரும்வரை கூடவே நின்று, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். கிளம்பும்போது தன் உடுப்பிலிருந்த பேட்ஜைக் கழற்றி இவர் சட்டையில் குத்திவிட்டாராம்.

இரண்டு பேருக்கும் கொள்கை வந்தது இப்படித்தான். ஆனால் வாதம் என்று வந்துவிட்டால் இரண்டு பேரும் கொட்டகையையும் பஸ்ஸையும் பற்றிப் பேசவே மாட்டார்கள். ஈராக் யுத்தம், பெட்ரோல் விலை, வரி, விசா என்று பேப்பரில் படித்ததையெல்லாம் கொண்டுவருவார்கள். தினமும் மாமா கடை வழியாக நான் போகும்போது, "உங்கப்பாகிட்ட சொல்லு, அவரு ஆளுக்கு வீடு எத்தனன்னு அவருக்கே தெரியலியாம், பேப்பர்ல வந்திருக்கு" என்பார். அப்பா ராத்திரி சாப்பாட்டில் அதைக் கேட்டுவிட்டு, "உங்க ஆளுக்கு அனுபவம் எத்தன வருஷம்னு கேளு" என்பார். மரியாதை குறையவில்லை. ஆனால் அவர்கள் பேச்சில் முதல் தடவையாக ஒரு உயிர் வந்திருந்தது. வீராணத்துத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கழுதைச் சின்னத்துக் கட்சியின் மாநாடு. அங்கே ராத்திரி பேசினால் நமக்கு விடிந்து ஏழரை மணி. அந்த வருடம் கரண்ட் கட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் சரியாக டிவி பார்க்கும் நேரத்துக்குப் போய்விடும். இன்வெர்ட்டர் வாங்குவதை அப்பா தன் இலாகாவுக்குச் செய்யும் அவமானமாக நினைத்தார். மாமா வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. மாமாவே போன் செய்தார்: "வாங்க சம்பந்தி, எதிர்க்கட்சியா இருந்தாலும் பார்வையாளரா வந்து ஒக்காருங்க."

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் அவரோடு விடியற்காலை பஸ்ஸில் போனேன்.

முதல் நாள் பார்த்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்தாரும் தங்கள் பெயர் எழுதிய கம்பத்தின் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலையில் சோளக்கதிர் மாதிரி தொப்பி. ஒவ்வொரு மாநிலமாகக் கூப்பிட, ஒருவர் எழுந்து, எங்கள் மாநிலம் இன்னதற்குப் பேர் போனது என்று பெருமை சொல்லிவிட்டு, எங்கள் ஓட்டு இத்தனை என்று அறிவித்தார். மாமா துள்ளி உட்கார்ந்தார்.

"நம்ம மாவட்டச் செயலாளருங்க மாதிரியே இல்ல? நாங்க இத்தன வேன் கொண்டாந்தோம், அத்தன பஸ் கொண்டாந்தோம்னு சொல்ற மாதிரி."

"வேனுக்குப் பதிலா ஓட்டு சொல்றாங்க" என்றார் அப்பா.

பிறகு, வேட்பாளர் ஆவதற்காக மாமாவின் ஆளோடு மாதக் கணக்கில் போட்டி போட்டுத் தோற்ற பெண்மணி கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்தார். எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, ஜெயித்தவரையே எல்லோரும் ஒரே குரலாக ஏற்கலாம் என்று அவரே முன்மொழிந்தார். மண்டபமே ஆர்ப்பரித்தது.

மாமா டிவி பக்கம் கையை நீட்டினார். "நானும் ஏகமனதாத் தேர்ந்தெடுக்கிற பொதுக்குழு எத்தனையோ பாத்துட்டேன். கைய தூக்குன்னா தூக்குவோம். தோத்தவன் அன்னைக்கு ஊர்லயே இருக்க மாட்டான். இங்க தோத்தவுங்களே வந்து சொல்றாங்களே, எப்பிடி?"

"உள்ள என்ன பேரம் பேசினாங்களோ" என்றேன் நான்.

"இருக்கட்டும்மா. பேரம் பேசினாலும், எந்திரிச்சி நின்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்ல" என்றார் அப்பா. எதிர்க்கட்சியைப் பாராட்டிவிட்டோம் என்று உடனே உணர்ந்து, காபியை எடுத்துக்கொண்டார். அன்று இரண்டு பேரும் மிக நெருக்கமாக இருந்தார்கள். எனக்கு வேலைக்குப் போகவே மனசில்லை.

அடுத்த நாள் வேட்பாளரே பேசினார். திறந்தவெளி விளையாட்டரங்கம் முழுக்க ஜனம். அவர் பேசுவதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. மாமா குறுக்கே பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு முடிந்து, மனைவி குழந்தைகளோடு அவர் மேடையில் நின்றபோது மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வெள்ளை மாளிகைய அடிமையா நின்னு கட்டுனதே அவுங்க ஜனம்தான் சம்பந்தி. இன்னைக்கு அவுங்க ஆளு ஒருத்தன் அதுல குடி போவப் போறான். இதப் பாக்காம எத்தன பேரு செத்துப் போயிருப்பாங்க. மனுஷன மனுஷனாப் பாக்கறதுக்கு ஒரு நாட்டுக்கு இத்தன வருஷம் ஆயிருக்கு."

அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சம்பந்தி, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"அந்தத் தம்பி நம்ம பக்கம் ஒரு காலனியில பொறந்திருந்தா, நீங்க ஓட்டுப் போட்டிருப்பீங்களா? ரிசர்வ் தொகுதிய விடுங்க. அங்க நிக்கிறவங்க எல்லாருமே எங்க ஆளுங்கதான். பொதுத் தொகுதியில நின்னிருந்தா."

எங்க ஆளுங்க என்ற வார்த்தையை அப்பா அந்த வீட்டில் அதற்கு முன் சொன்னதே இல்லை. டிவியில் பாட்டும் கைதட்டலும் ஓடிக்கொண்டிருந்தன. அத்தை கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். அப்பா குரலை உயர்த்தவில்லை; அவர் முகத்தில் கோபமும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்டார். அதுதான் அங்கே எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். கோபமாகக் கேட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

"கடைக்கு லாரி வந்திருக்கும்" என்று மாமா எழுந்து போய்விட்டார்.

அப்பாவை பஸ் ஏற்றிவிட்டேன். "கேட்டிருக்கக் கூடாதோ?" என்றார். "தெரியலப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு போன் இல்லை. கடை வழியாகப் போனால் மாமா கணக்குப் பார்ப்பது மாதிரி தலையைக் குனிந்துகொள்வார். பேட்ஜ் சட்டையிலேயே இருந்தது. பிள்ளையார் சதுர்த்தி வந்தது. எப்போதும் என் கையில் கொடுத்தனுப்பும் கொழுக்கட்டையை அத்தை கொடுத்தனுப்பவில்லை. அக்கா அமெரிக்காவிலிருந்து, "என்ன நடந்துது, ரெண்டு பேரும் ஏன் ஒருத்தரப் பத்தி ஒருத்தர் கேக்கவே மாட்டேங்கறாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "நான் கேக்க வேண்டியத அப்பா கேட்டுட்டாரு" என்றாள்.

அதே வாரம்தான் யானைச் சின்னத்துக் கட்சியின் மாநாடு. அப்பாவின் பட்டாளக்காரர் பேசவிருந்த காலையில், சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போனது. அப்பா அணைந்த டிவிக்கு எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ரேடியோவைத் திருப்பிப் பார்த்தார். அதில் விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்போது லேண்ட்லைன் அடித்தது.

நான் எடுத்தேன். மாமா. "அப்பாகிட்ட குடும்மா."

அப்பா வாங்கிக்கொண்டார். மாமா என்ன சொன்னார் என்று பிறகு அப்பா சொன்னார். "உங்காளு பேச ஆரம்பிச்சுட்டாரு சம்பந்தி. அங்க கரண்ட் இருக்காதுன்னு தெரியும். ரிசீவர டிவிகிட்ட வக்கிறேன், கேளுங்க." அவ்வளவுதான்.

அப்பா ரிசீவரைக் காதில் வைத்தபடி முக்காலியில் உட்கார்ந்தார். நான் ஒரு பஸ்ஸை விட்டேன், இன்னொரு பஸ்ஸையும் விட்டேன். இங்கிலீஷ் பேச்சு போன் வழியாகக் கரகரவென்று கசிந்துகொண்டிருந்தது. நடுவில் கூட்டத்தில் யாரோ கத்தி இடைஞ்சல் செய்தார்கள் போல. அப்பா நெற்றியைச் சுருக்கினார். அங்கே மாமா, தனக்குப் பிடிக்காத ஒருவரின் முழுப் பேச்சுக்கும் டிவிக்குப் பக்கத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஸ்டூல் மேல் வைத்தால் சரியாகக் கேட்காது என்று, கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே நின்றார் என்று அத்தை பிறகு சொன்னார். முடிந்ததும் மாமா, "கேட்டுதா?" என்றார். "நல்லா கேட்டுது" என்றார் அப்பா. "பலூன் உட்றாங்க. நெறைய பலூன்" என்றார் மாமா. வைத்துவிட்டார்கள்.

மறுபடி பேச்சு ஆரம்பமானது. ஆனால் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் அதைச் சுற்றிப் போனார்கள்.

நவம்பரில் முடிவு வந்த அன்று எனக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தேன். கரண்டும் இருந்தது. ஒன்பதரை மணி வாக்கில் டிவியில் அறிவித்துவிட்டார்கள். பட்டாளக்காரர் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியதை அப்பா முழுக்கக் கேட்டார். தன் கூட்டம் எதிராளியின் பெயரைக் கேட்டு ஊளையிட்டபோது அவர் கையைக் காட்டி அடக்கியதைப் பார்த்து, "சொன்னேன்ல, நல்ல மனுஷன்னு" என்றார் அம்மாவிடம்.

பதினோரு மணி இருக்கும். மாமா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. முடிவு வரும்போது அவர் பஸ்ஸில் இருந்திருக்கிறார். தெரிந்துதான் இனிப்பு வாங்கினீங்களா என்று அம்மா கேட்டதற்கு, "தோத்திருந்தாலும் குடுக்கலாம்னுதான் வாங்கனேன்" என்றார்.

அப்பா ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். "ஜெயிச்சுட்டீங்க சம்பந்தி."

மாமா ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீங்க அன்னைக்குக் கேட்டதுக்கு நான் பதில் சொல்லல."

"அத விடுங்க சம்பந்தி."

"இல்ல, சொல்லிடறேன். போட்டிருக்க மாட்டேன். ரிசர்வ் தொகுதியில எத்தனையோ தடவ போட்டிருக்கேன், அது வேற வழியில்லாம. பொதுத் தொகுதியில, எங்க ஆளு ஒருத்தன் எதிர்த்து நிக்கும்போது, போட்டிருக்க மாட்டேன். அந்தப் பஸ்காரப் பொண்ணு கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு ஊருக்கு வந்து நாலு பேருகிட்ட பெருமையா சொன்னேன். நீங்க கேட்டப்பறந்தான் யோசிச்சேன், உங்க வீட்ல இதுவரைக்கும் தண்ணி குடிச்சதில்லயேன்னு."

எனக்கு அடக்க முடியவில்லை. "இப்ப நின்னா போடுவீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "தெரியலம்மா. நின்னாத்தான் தெரியும்."

ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருக்க மாட்டார் என்று எனக்குப் படுகிறது. "நெஜத்த சொன்னீங்க" என்றார் அப்பா. அவர் கண் கலங்கவில்லை. தோளைத் தொடுவது, கையைப் பிடிப்பது எதுவும் இல்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்ததா என்பதை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால், "மழை நின்னுதா பாரு" என்கிற மாதிரி எதையாவது சொல்லுவார்.

மாமா எழுந்து சமையலறைப் பக்கம் பார்த்தார். "என்ன சம்பந்தியம்மா சமையல்?"

"சங்கரா மீன் கொழம்பு" என்றாள் அம்மா, நம்பிக்கையில்லாமல்.

"ரெண்டு தட்டா வைங்க. பசிக்குது."

அப்பாவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாமா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "புளி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அம்மா உள்ளே வந்து என்னிடம், "புளி ஜாஸ்தியாம்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டுச் சமையலில் அவர் ஒரு குறை கண்டுபிடித்ததில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அமெரிக்கா பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. 2011 கடைசியில் கடலூரை 'தானே' புயல் புரட்டிப் போட்டது. பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர வாரக் கணக்கானது. வெளி மாவட்டத்திலிருந்து வந்த லைன்மேன்களுக்கு அப்பா எந்தக் கம்பத்திலிருந்து எது போகிறது என்று காட்டிக்கொண்டே திரிந்தார். மாமா டெம்போவில் அரிசியும் மெழுகுவர்த்தியும் ஜெனரேட்டர் ஒன்றும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினார்.

அடுத்த அக்டோபரில் அக்கா இருந்த பக்கத்திலும் பெரும்புயல் அடித்தது. அங்கேயும் இருட்டு. தேர்தலுக்குச் சில நாள்தான் இருந்தது. டிவியில் காட்டினார்கள்: கழுதைக் கட்சி அதிபரும், அந்த மாநிலத்தை ஆண்ட யானைக் கட்சிக்காரரும் இடிந்த வீடுகளுக்கு நடுவே சேர்ந்தே நடந்தார்கள். மேடையில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தவர்கள். அப்பா டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு கட்சிக்காரனும் ஒரே எடத்துல நிக்கிறான் பாரு" என்றார். அன்று மாலை மாமாவிடம் போனில், "இந்தத் தடவ உங்காளே ஜெயிக்கட்டும் சம்பந்தி" என்றார்.

மாமாவுக்குத் திருப்தியில்லை. "என்ன சம்பந்தி, சுலபமா கட்சி மாறிட்டீங்க. எனக்கு அவருமேல இப்ப நெறைய கொற இருக்கு. யுத்தம் முழுசா நின்னுதா? விசாவுக்கு என்ன பண்ணாரு?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தபோதும் அப்பா ஆளும் கட்சிக்காகப் பேசிக்கொண்டிருந்தார்.

அக்காவின் மகளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. அங்கேயே பிறந்தவள் என்பதால் எங்கள் குடும்பத்தில் அந்த நாட்டுக் குடிமகள் அவள் ஒருத்திதான். தேர்தல் முடிந்த வாரம் மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கணினியில் அக்கா குடும்பத்தோடு பேசினோம். புயலுக்குப் பிறகு பள்ளி திறந்ததும் வகுப்பில் குழந்தைகளுக்கும் ஒரு தேர்தல் வைத்தார்களாம். நிஜ வேட்பாளர்களின் படம் போட்ட சீட்டு, அட்டைப் பெட்டி எல்லாம் இருந்ததாம்.

"யாருக்கும்மா போட்ட?" என்றார் மாமா, திரைக்கு மிக அருகில் போய்.

"சொல்ல மாட்டேன்."

"தாத்தாகிட்ட மட்டும் சொல்லு" என்றார் அப்பா.

"மிஸ் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. சீக்ரெட்."

இரண்டு தாத்தாக்களும் மாறி மாறிக் கெஞ்சினார்கள். கழுதையா யானையா என்று படம் வரைந்தாவது காட்டு என்றார் மாமா. பொம்மை வாங்கி அனுப்புவதாக ஆசை காட்டினார் அப்பா. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அக்காவைக் கேட்டோம், அவளுக்கும் தெரியவில்லை.

"எங்க பக்கத்துப் புள்ள, அதான் என்னய மாதிரியே வாயத் தொறக்க மாட்டேங்குது" என்றார் அப்பா.

"எங்க பக்கமாவும் இருக்கலாம்" என்றார் மாமா.